நடக்கத் தெரியாதவள்

1958 ஜனவரி 7, செவ்வாய்

முழங்கால் இன்று வாயைத் திறக்கவில்லை. நேற்று போட்ட சத்தத்துக்கு அதற்கே வெட்கமாக இருந்திருக்கும். காலைப் பயிற்சியை முழுதாக முடித்துவிட்டு வழக்கம்போலத் துறைமுகத்துக்கு நடந்தேன். ஐனார் ஃபெர்ரியில் துணை மாலுமி. எதிர்க்கரை மால்மோவிலிருந்து வந்து ஆட்களை இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் நாங்கள் இருவரும் கரையோரக் கடையில் ஒரு காபி குடித்துவிடுவோம். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் எங்கள் மதியம். கப்பல் கரையை நெருங்கும்போதே அவன் மேல்தளத்தில் நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டுவான்.

அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு கூட்டத்தில், என்னை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று இன்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் வேறு.

"உன் நடையை வெச்சுத்தான். ரெண்டு பாதமும் ஆளுக்கொரு திசையைப் பாத்துக்கிட்டு வரும், வாத்து மாதிரி. கோபன்ஹேகன்ல வேற எந்தப் பொம்பளையும் அப்படி நடக்கமாட்டா."

பதினாறு வருடமாக என் முகத்தைப் பார்த்துத்தான் தொப்பி உயர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாட்டின் தலைசிறந்த நடனக்காரி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கட்டியவனுக்கு நான் வாத்து. காபிக்கு அவனையே காசு கொடுக்க வைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

தோருப் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பாலே குழுவுக்கு அவர்தான் தலைவர். அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தாரென்றால் செய்தி நல்லதாக இருக்காது என்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். இன்று காபியோடு கேக்கும் இருந்தது.

மார்ச் பதினைந்தாம் தேதி 'கடல்நுரை' மறுபடி மேடையேறுகிறதாம். கடலில் மூழ்கிப்போன மீனவப் பெண் ஓர் இரவு மட்டும் நுரையாகத் திரும்பி வந்து, தன் அம்மாவைச் சுற்றி ஆடிவிட்டுப் போகும் கதை. அந்த நுரைப்பெண்ணை இருபது வருடம் ஆடியவள் நான். தீரா பியெர என்று பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு அந்த வெள்ளை உடுப்புத்தான் நினைவுக்கு வரும். போன வசந்தத்தோடு முழங்கால் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இந்த முறை மெரேதா ஆடுவாள் என்றார் தோருப். இருபத்தொரு வயதுப் பெண், நன்றாக ஆடுகிறாள். எதிர்பார்த்ததுதான்.

"நீ அம்மா," என்றார்.

கேக்கைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரு நடன அடிகூடக் கிடையாது. முக்காலியில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுச் சரிசெய்துகொண்டிருப்பாள். மகள் சுற்றிச் சுற்றி ஆடுவது அவள் கண்ணுக்குத் தெரியாது. விடிந்ததும் மகள் மறைந்துவிடுவாள். அம்மா எழுந்து, மரச்செருப்போடு மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துபோய், கதவைத் திறந்துகொண்டு கடலைப் பார்க்கப் போவாள். அந்த நடைக்கு இசைகூட இல்லை. அதோடு திரை விழும். இத்தனை காலம் ஆஸ்தா ராவ்ன் செய்த வேடம் அது. இடுப்பெலும்பு முறிந்து இப்போது அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

மாட்டேன் என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

இன்றும் மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஐனார் பன்றிக்கொழுப்பை மொறுமொறுப்பாக வறுத்து, உருளைக்கிழங்கும் வெள்ளைக் குழம்பும் வைத்தான். என்னைச் சமாதானப்படுத்த அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. சாப்பிட்டேன். முதல் தடவையாக இரண்டாவது முறையும் தட்டை நீட்டினேன். இனி மேடையில் யார் என்னைத் தூக்கப்போகிறார்கள்?

எங்கள் தியேட்டரில் கால் ஓய்ந்தவர்களுக்கு இரண்டு வழி. பென்ஷன் வாங்கிக்கொண்டு பூச்செண்டோடு வெளியே போகலாம். அல்லது அம்மா, அப்பா, சூனியக்காரி, குடிகார மாமா என்று ஆடாத வேடங்களுக்கு மாறி உள்ளேயே இருக்கலாம். என் பழைய ஜோடி ஹோல்கர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டான். தொப்பை வைத்து, சந்தோஷமாக, குடிகார மாமாவாக வாழ்கிறான். எனக்கு அந்த நினைப்பே கசந்தது. ஆடியவளாகவே போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அதைத்தான் ஐனாரிடம் சொன்னேன். அவன் தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்ப வீட்ல இரு. எனக்குச் சந்தோஷந்தான்," என்றான்.

உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னான். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல், பூந்தொட்டி, வானொலி. ஏழு வயதிலிருந்து தினமும் காலையில் தியேட்டரின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன். படிக்கட்டில் என்ன வாசனை அடிக்கும் என்று என் மூக்குக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊரில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை. எனக்கு அங்கேதான் இருக்கணும். துடைப்பத்தோட ஒரு மூலைல நிக்கச் சொன்னாலும் நிப்பேன்.

ஜனவரி 13, திங்கள்

சரி என்று சொல்லிவிட்டேன். தோருப் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பிப்ரவரி கடைசிக்குள் அந்த நடை எனக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கள் குழுவின் குத்ரூன் அந்த வேடத்தைச் செய்வாள், நான் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். வேறு வேடம் கைவசம் இல்லை.

நடையாம். நடக்கத் தெரியாதா எனக்கு?

ஜனவரி 21, செவ்வாய்

தெரியவில்லை.

மரச்செருப்பைக் கொடுத்து, "நட," என்றார். நடந்தேன்.

"இது மகாராணி," என்றார்.

தோளைத் தொங்கவிட்டு, முதுகைக் கூன்போட்டு மறுபடி நடந்தேன்.

"இது மருமகள் சோறு போடாத மகாராணி."

பியானோக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். ஹோல்கர் அதற்கும் சிரமப்படவில்லை, நேரடியாகவே சிரித்தான். பாதங்களை நேராக வைத்துப் பார்த்தேன், அப்போது முட்டிகள் இரண்டும் மோதிக்கொண்டன. முட்டிகளைப் பார்த்துக்கொண்டால் கழுத்து நீண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, இசையே இல்லாத நடையில் நான் எங்கே போய் நின்றாலும் ஏதோ ஒரு தாளம் முடிவதுபோலச் சரியாக நிற்கிறேனாம். அந்த அம்மாவுக்குத் தாளம் தெரியாது என்றார் தோருப். பின்னே எப்படி நிற்பது? எல்லோரும் எப்படித்தான் நிற்கிறார்கள்?

ஏழு வயதில் என் தொடைகளைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பினார்கள். அன்றைக்குத் திரும்பியது. அதைத் திரும்ப உள்ளே திருப்பச் சொல்ல அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 25, சனி

மரச்செருப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு, படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு. கீழ்வீட்டு மிக்கெல்சன் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார். ஐனார் இறங்கிப்போய் சமாதானம் செய்தான். உங்கள் மனைவி ஆடினால் சத்தமே வராதே, இப்போது ஏன் ஆடவில்லை என்று கேட்டாராம்.

ஐனாரை நடந்து காட்டச் சொன்னேன். எப்போதும் நன்றாகத்தான் நடக்கிறான். நான் உற்றுப் பார்க்கத் தொடங்கியதும் கையும் காலும் ஒரே பக்கமாகப் போயின. இரண்டே எட்டில் தடுமாறி நாற்காலியைப் பிடித்தான். "அப்படிப் பாக்காத. நடக்கிறதே மறந்து போச்சு," என்றான். தரையில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம். மிக்கெல்சன் மறுபடி தட்டினார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முதல் தடவையாக மெரேதாவோடு ஒத்திகை. நான் முக்காலியில், மடியில் வலை. அவள் என்னைச் சுற்றி ஆடுகிறாள். அவளைப் பார்க்காமல் வலையைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். ஆனால் தோருப் இசையை நிறுத்தி என் கைகளைக் காட்டினார்.

என் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

எங்கள் பழக்கம் அது. உடம்பைக் களைப்பாக்காமல் ஒரு நடனத்தை நினைவுபடுத்திக்கொள்ள, பாதங்கள் செய்வதைக் கைவிரல்களால் செய்து பார்ப்போம். டிராமில், சாப்பாட்டு மேசையில், பல் டாக்டரின் நாற்காலியில். வலையின் மேல் இரண்டு விரல்கள் எழும்பிச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன, என்னைக் கேட்காமலே. "அம்மா வலையைச் சரிபண்றா தீரா. நீ ஆடிக்கிட்டு இருக்க," என்றார். அதிலும் ஒரு கொடுமை, மெரேதா இடது கையை என்னைவிடத் தாமதமாக எடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் என் விரல் முந்திப்போய் அவளுக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்று. நடனத்தின் நடுவில் மகள் அம்மாவின் மடியில் தலையைச் சாய்க்கும் ஓரிடம் உண்டு. பார்ப்பவர்கள் கைக்குட்டையை எடுக்கும் இடம். இருபது வருடமும் எனக்கு அது மூச்சு வாங்கும் இடம், அவ்வளவுதான். ஆஸ்தாவின் ஏப்ரனில் முகத்தை வைத்து நாய்போல இளைப்பேன். அவள் அசையாமல் இருப்பாள். பெப்பர்மின்ட் வாசனை வரும். அவள் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்க எனக்கு நேரமில்லை.

இன்று மெரேதாவின் தலை என் மடியில் விழுந்தது. ஈரம், சூடு. அவள் இதயம் அடிப்பது என் தொடையில் தெரிந்தது. "மன்னிச்சுக்குங்க திருமதி பியெர, வேர்வை," என்று கிசுகிசுத்தாள். பேசாமல் மூச்சு வாங்கு என்றேன். வேறென்ன சொல்வது?

பிப்ரவரி 6, வியாழன்

ஆஸ்தாவுக்கு ஒரு டப்பா பெப்பர்மின்ட் அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஈஸ்டர் நோன்புக்கு முந்தின ஞாயிறு. தெருவெல்லாம் வேடம் போட்ட குழந்தைகள், பண்டிகை வழக்கப்படி பீப்பாயை அடித்து உடைக்கும் சத்தம். கிரீம் பன் வாங்கி வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு சின்னப் பெண், குளிர்கோட்டுக்கு மேல் வலைப்பாவாடை, முதுகில் காகிதச் சிறகு. நடனக்காரி வேடமாம். அதற்காகப் பாதங்களைப் பாடுபட்டு வெளிப்பக்கம் திருப்பி வைத்து வந்தாள். நான் பாடுபட்டு உள்பக்கம் திருப்பி வைத்துப் போனேன். கடக்கும்போது அவள் என் காலைப் பார்த்தாள், நான் அவள் காலைப் பார்த்தேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். ஒரு பன்னைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மோசமான நாள். குத்ரூன் பின்னல் ஊசியோடு வந்து ஒத்திகை அறை மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை, தோருப்தான் வரச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. மண்ணில் கால் ஊன்றிச் சாதாரணமாக நடப்பாள், பாவி. நான் நடந்து முடித்ததும் அவள் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவசரமாகப் பின்ன ஆரம்பித்தாள்.

"அடுத்த வெள்ளி வரைக்கும்," என்றார் தோருப். குரலில் கோபம் இல்லை.

மீன் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கூடையோடு நடக்கும் பொம்பளைகளைப் பார்த்துப் பார்த்து வந்து அப்படியே செய்து காட்டினேன். நன்றாக நடிக்கிறாய் என்றான் ஹோல்கர். அதைவிட மோசமான வசவு அவனுக்குத் தெரியாது. நடிக்கக் கூடாதாம். சும்மா போகணுமாம். சும்மா எப்படிப் போறது? ஆயிரம் பேர் பாக்குறாங்க, சும்மா போன்னா? எனக்கு வராது. வரவே வராது. முப்பத்தஞ்சு வருஷமா இந்த உடம்பு கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, பாக்குறவங்களுக்காக நடக்கிறது. அதைக் கழட்டி வைக்க எங்க இடம் இருக்கு?

ஐனாரிடம் சொல்லவில்லை. இரண்டு வாத்து ஜோக் சொன்னான். சிரித்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும்.

வாரம் முழுக்கக் கடலில் பனிக்கட்டி. இன்று அதோடு மூடுபனியும். மதியம் துறைமுகத்துக்குப் போனபோது கப்பல் வரவில்லை. தாமதம் சகஜம்தான். காபிக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரி ஐனாருக்காக வைக்கும் இரண்டாவது கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தாள். இரண்டு மணி ஆயிற்று. துறைமுக அலுவலகத்தில் கேட்டேன், நடுக்கடல் வரைக்கும் செய்தி இருந்தது, அப்புறம் இல்லை என்றார்கள். பனிக்கட்டி நெருக்கினால் கப்பல் நின்றுவிடும், கவலைப்படாதீர்கள் என்றார் அந்த மனிதர். கவலைப்படாதீர்கள் என்று அவர் மூன்று பேரிடம் சொல்வதைக் கேட்டேன்.

வெளியே வந்தேன். எதுவும் தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். கிடங்குச் சுவரோரமாக நடந்தேன். முனைவரை போவது, காது கொடுத்து நிற்பது, திரும்புவது. காலையில் அவன் ஓட்டைக் கையுறையோடு கிளம்பினான், தைத்துத் தரேன்னு சொல்லி நாலு நாளாச்சு. இந்த வாரம் பூரா என் கால், என் கால்னு புலம்பினேனே, அவன் கால் எப்படி இருக்குன்னு ஒரு நாள் கேட்டேனா? ஐனார், வந்துடு. வாத்துன்னே சொல்லு. வந்துடு.

இருட்டத் தொடங்கும்போது சங்கு ஊதியது. முதலில் விளக்கு, பிறகு மூக்கு, பிறகு முழுக் கப்பல், மேலெல்லாம் பனி உறைந்து வெள்ளையாக. மேல்தளத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. கயிறு கட்டும் சத்தம் கேட்டபின்தான் நான் குனிந்து மூச்சு விட்டேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

சுவரோரம் புதுப்பனி. அதில் இரண்டு பேர் நடந்திருந்தார்கள். ஒருத்தியின் அடிகள் கிழக்கும் மேற்கும் பார்த்துக்கொண்டு வந்து, கொஞ்ச தூரத்தில் காணாமல் போயிருந்தன. அந்த வாத்தை எனக்குத் தெரியும். இன்னொருத்தியின் அடிகள் நேராக, குதிகால் அழுந்தி, சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் இழுபட்டு, முனைவரை போய்த் திரும்பியிருந்தன, பல தடவை. யாரும்மா அது என்று சுற்றிப் பார்த்தேன். அந்தச் சுவரோரம் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஐனார் இறங்கி வந்தான். மீசையில் பனி. இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தேன், கட்டிக்கொண்டேன், மறுபடி அடித்தேன். பனிக்கட்டி நடுவுல சும்மா நின்னுக்கிட்டு இருந்தோம், பயணிங்க சீட்டு ஆடுனாங்க என்றான். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தச் சுவடுகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"யாரு இது? பாவம், யாருக்காகவோ ரொம்ப நேரம் காத்திருக்கா," என்றான்.

கையுறையைத் தைத்துவிட்டேன். கொஞ்சம் கோணல்.

பிப்ரவரி 28, வெள்ளி

நடந்தேன். கதவுக்கு அப்பால் மூடுபனி இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொண்டேன், சங்கு கேட்கிறதா என்று காது கொடுத்தபடி போனேன். கதவு வரை போய்ச் சேர்ந்ததும்தான் ஒத்திகை அறையில் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

ஹோல்கர்கூடச் சிரிக்கவில்லை. தோருப் மூக்கைச் சிந்தினார். குத்ரூன் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றி, ஊசிகளைப் பைக்குள் வைத்து, எழுந்து வந்து என் கன்னத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விரல்கள் இன்னும் ஆடுகின்றன. அதற்கு வழி தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நாளை. உடுப்பு அறையில் ஆஸ்தாவின் ஏப்ரனைக் கட்டிவிட்டார்கள். அதன் பையில் கைவிட்டேன். ஒட்டிப்போன ஒரு பெப்பர்மின்ட். அதை அங்கேயே விட்டுவைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஐனார் தூங்குகிறான், காபி கொதிக்கிறது.

மேடைக்குப் போகுமுன் ஹோல்கர் வழக்கப்படி என் பின்புறத்தில் முழங்காலால் ஓர் இடி வைத்தான். எங்களுக்கு அதுதான் வாழ்த்து. நன்றி சொன்னால் ராசி கெட்டுவிடும் என்பதால் முறைத்துவிட்டுப் போனேன். பக்கவாட்டில் மெரேதா நின்றாள். உதடெல்லாம் வெளுத்து, கைகள் சில்லென்று. அந்த வெள்ளை உடுப்பில் பக்கத்தில் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. அது என் உடுப்பு. இருபது வருடம் என் தோலாக இருந்தது. அவளுக்கும் ஓர் இடி வைத்தேன், வலிக்கவே. அவள் முறைத்தாள். நல்ல பெண், விதி தெரிந்தவள்.

முக்காலியில் உட்கார்ந்தேன். இசை தொடங்கியது. விரல்களும் தொடங்கின, பாவம், பழக்க தோஷம். அவள் வந்தாள். கண்ணை வலையில் வைத்திருந்தாலும் ஓரத்தில் வெள்ளையாக அது வந்து போகிறது. இடது கையை எடுக்கும் இடம் வந்தது. என் விரல் முந்திக்கொண்டு எழும்பியது. அவள் எடுக்கவில்லை, இன்னும் எடுக்கவில்லை. கரையை விட்டுப் போக மனமில்லாத அலைபோல அந்தக் கை கீழேயே நின்றுவிட்டு, கடைசியில், என் தலைக்கு மேலே, மெல்ல எழும்பியது. நான் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. அது அவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது. இந்த நடனமே இவ்வளவு அழகு என்று தெரியாது. இருபது வருடம் உள்ளே இருந்து, எதையும் பார்க்காமல் ஆடியிருக்கிறேன். ஆஸ்தாதான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், பார்க்காததுபோல உட்கார்ந்துகொண்டு.

பிறகு குனிந்து பார்த்தபோது விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. உண்மையான முடிச்சு. ஆடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்று அவற்றுக்கே புரிந்திருக்க வேண்டும்.

அவள் தலை மடியில் விழுந்தது. இளைப்பு, சூடு, அந்தப் படபடப்பு. அசையாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் கண்ணே என்று மனதுக்குள் சொன்னேன். அழுதேனா? தெரியாது. அம்மாவுக்கு அங்கே அழுகை கிடையாது.

அவள் போனாள். எழுந்தேன். நடந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, கதவு வரை போனேன், அவ்வளவுதான். திரை விழுந்தது. பிறகு கைதட்டல். இரண்டு பேரும் கைகோத்து வணங்கினோம். மெரேதா என் கையை நசுக்கினாள். "இனிமே என்னை நீன்னே கூப்பிடு, தீரான்னு கூப்பிடு," என்றேன். "சரிங்க," என்றாள். அவள் காதெல்லாம் சிவந்துபோனது.

எழுத வந்தது இதற்குத்தான். உடுப்பு மாற்றுமுன்பே நடைபாதையில் தடதடவென்று சத்தம். ஐனார். மேல்கோட்டின் பட்டன்கள் திறந்து, தொப்பி கையில் கசங்கி, முகம் சுண்ணாம்பு. ஹோல்கரின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"தீரா எங்க? முட்டியா? விழுந்துட்டாளா? ஏன் குத்ரூனை அனுப்பினீங்க?"

ஹோல்கருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். நான் ஆஸ்தாவின் ஏப்ரனோடு அவன் பின்னால் நின்றிருந்தேன். திரை தூக்கியபோது அம்மா உட்கார்ந்திருந்தாளாம், முகத்தில் சாயம், தலையில் துணி, சரி என் பொண்டாட்டிதான் என்று இருந்தானாம். எழுந்து நடந்ததும் நெஞ்சு நின்றுவிட்டதாம். இவள் நடை இல்லையே, வேறு யாரையோ மாற்றிவிட்டார்களே, இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று கைதட்டல் முடியும்வரைகூட இருக்காமல் ஜனங்களின் காலை மிதித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

"ஐனார்," என்றேன்.

திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து என் மரச்செருப்பைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய மனிதன், பனிக்கட்டிக்குள் சீட்டாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவன், எல்லோர் முன்னாலும் அழுதான்.

தலைசிறந்த நடனக்காரி என்று எழுதிய பத்திரிகைகள் இன்று என்ன எழுதின என்று இன்னும் பார்க்கவில்லை. காபி ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்தாவிடமிருந்து தபால்கார்டு. பெப்பர்மின்ட் கிடைத்ததாம். "உன் தலை ரொம்ப கனம், எப்பவும்," என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வெயில். ஈஸ்டர் முடிந்து துறைமுகம் முழுக்க ஜனம். காலையில் பயிற்சிக்குப் போய், பயிற்சிக் கம்பியருகே என் பழைய இடத்தில் நின்று, முழங்கால் விட்ட அளவுக்குச் செய்தேன். தோருப் அடுத்த வருடத்துக்கு ஒரு சூனியக்காரி இருக்கிறாள் என்றார். காபி கொடுக்காமல் சொன்னார்.

வழியில் ஒரு மீன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். கப்பல் நெருங்கியது. மேல்தளத்தில் ஐனார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூட்டத்தைத் தேடினான், கடைப் பக்கம், கிடங்குப் பக்கம். என்மீது பார்வை விழுந்து, நகர்ந்து போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து தேடினான். அப்போதுதான் நான் எப்படி நடந்து வந்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. மீன் பையோடு, நேராக, குதிகால் அழுந்தி, கோபன்ஹேகனில் எல்லாப் பொம்பளைகளையும்போல.

பையைக் கீழே வைத்தேன். குதிகால்கள் இரண்டையும் சேர்த்து, பாதங்களைக் கிழக்கும் மேற்குமாகத் திருப்பி நின்றேன்.

தொப்பி உயர்ந்தது.